வளைவில் வந்து போகும் விளக்கு

கல்லாறு தாண்டிப் பாக்குத் தோப்புகள் முடிந்ததும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்தத் தொந்தரவும் கொடுக்காத கார், இறங்கும்போது பர்லியாறுக்கு மேலே ஏதோ ஒரு வளைவில், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிக்கிற நேரத்தில், சிவப்பு விளக்கைக் காட்டும். வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, கீழே 'பிரேக் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி. வண்டி நேரானதும் விளக்கும் இல்லை, வரியும் இல்லை. பெடல் கெட்டியாக இருக்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது. மேட்டுப்பாளையம் வந்து பட்டறையில் விட்டால் மெக்கானிக் முன்னால் அது எரியவே எரியாது. "நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்கும் ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" என்று சாவி கைக்கு வந்துவிடும்.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. சமதளத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த நோய் இல்லை. விமானத் துறையிலேயே, பறக்கும்போது எச்சரிக்கை கொடுத்ததால் கழற்றி அனுப்பப்படும் கருவிகள் பல, சோதனை மேசைக்கு வந்ததும் ஒழுங்காக வேலை செய்து, 'கோளாறு காணப்படவில்லை' என்ற குறிப்போடு திரும்பிப் போகின்றன. நிரந்தரமாகக் கெட்டதைக் கண்டுபிடிப்பது எளிது. அவ்வப்போது கெடுவதுதான் பாடாய்ப் படுத்தும்.

ஆனால் நிரந்தரமாக எரியும் விளக்கு தராத ஒரு தகவலை வந்து போகும் விளக்கு தருகிறது. எந்த நிலையில் எரிகிறது, எந்த நிலையில் அணைகிறது என்பதே அது. வளைவிலா, மழையிலா, காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? இந்த விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிவப்பு விளக்கிலிருந்து தொடங்குவோம்.

பானெட்டைத் திறந்தால் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி தெரியும். பிரேக் ஆயில் அதில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம். ஆயில் குறைந்து மிதவை இறங்கினால் காந்தம் ஒரு சுவிட்சை மூடும், விளக்கு எரியும். இவ்வளவு எளிய ஏற்பாடு வேறு எதிலும் இருக்காது. வளைவு இதில் எங்கே வருகிறது? பிரேக் பிடித்து வேகம் குறைக்கும்போது தொட்டியிலுள்ள ஆயில் முன்பக்கம் சாய்கிறது. திரும்பும்போது வெளிப்பக்கம் சாய்கிறது. புவியீர்ப்பில் முப்பது சதவீதம் அளவுக்குப் பிரேக் போட்டால் (மலையில் இது சாதாரணம்) ஆயிலின் மேற்பரப்பு சுமார் 17 டிகிரி சாயும். தொட்டியின் நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி மிதவை இருந்தால், அந்த இடத்தில் மட்டம் ஒன்றரை செ.மீ. இறங்கிவிடும். தொட்டி நிறைந்திருந்தால் இந்த ஒன்றரை செ.மீ. ஒரு பொருட்டல்ல. மட்டம் ஏற்கெனவே குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகில் இருந்தால், வளைவுதோறும் சுவிட்ச் மூடித் திறக்கும். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் மாதக்கணக்காக ஓட்டினாலும் தெரியாதது மலையில் ஒரே நாளில் தெரிந்துவிடுவது இதனால்தான்.

சரி, ஆயில் எங்கே போனது? ஒழுகியிருக்கலாம். அப்படியானால் அது ஆபத்து. சக்கரத்தின் உட்பக்கம், பெடலுக்கு மேலே எல்லாம் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் அது எங்கும் போயிருக்காது, இடம் மாறியிருக்கும். முன் சக்கர டிஸ்க் பிரேக்கில் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். பின்னால் உண்டாகும் வெற்றிடத்தை ஆயில் நிரப்பும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டனின் குறுக்களவு 54 மி.மீ. என்று கொள்வோம். டிஸ்க்கின் இருபக்கப் பேடுகளும் தலா 8 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டன் 16 மி.மீ. நகர்ந்திருக்கும். ஒரு சக்கரத்துக்கு 36 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு சக்கரத்துக்கும் 70 மில்லிலிட்டருக்கு மேல். தொட்டியின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் கொள்ளளவு இந்தத் தேய்மானத்தை மனதில் வைத்து அமைக்கப்படுவதுதான். ஆக, சொட்டு ஆயில்கூட ஒழுகாத வண்டியில் வளைவில் சிவப்பு எரிந்தால் 'பேடைப் பாருங்கள்' என்று அதற்கு அர்த்தம்.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் வருகிறது. விளக்கு எரிகிறதா, ஒரு பாட்டில் வாங்கி ஊற்று. விளக்கு அணையும், பேடு தேய்ந்தது தேய்ந்ததுதான். அதுவரை தவறாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த கருவியின் வாயை நூறு சொச்சம் ரூபாயில் அடைத்தாயிற்று. பின்னால் புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அப்போது அதிகப்படி ஆயில் தொட்டியிலிருந்து வழிந்து பெயிண்டை அரிக்கும்.

சில விலையுயர்ந்த ஐரோப்பியக் கார்களில் பேடுக்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பி பதித்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் கம்பி டிஸ்க்கில் உரசி அறுபடும். அறுபடும் தறுவாயில், பிரேக் மிதிக்கும்போது மட்டும் எச்சரிக்கை வந்து போகும். நம் ஊர்க் கார்களில் பலவற்றில் அதற்குப் பதிலாக ஒரு சிறு தகடு இருக்கிறது. பேடு தீர்ந்தால் டிஸ்க்கில் பட்டுக் கீச்சிடும். மின்சாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, பொய்யும் சொல்லாது. எனக்கு அந்தத் தகட்டின் மேல் தனி மரியாதை உண்டு.

ஹேண்ட் பிரேக்கையும் சொல்லிவிட வேண்டும். லிவர் முழுக்க இறங்காமல் அரைப்பல் தூக்கி நின்றால் அதன் அடியிலுள்ள சுவிட்ச் குலுங்கல்தோறும் தட்டும், அதே சிவப்பு விளக்கு எரியும். பள்ளம் மேட்டில் எரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கின் கதை வேறு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தது 1978-ல். நாற்பது ஆண்டு கழித்து அது நம் சின்னக் கார்களுக்கும் இறங்கி வந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுப்பது அதன் வேலை. அதற்கு நான்கு சக்கரமும் என்ன வேகத்தில் சுழல்கின்றன என்று ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும்.

சக்கரத்தின் பேரிங்கில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தமூட்டிய ஒரு வளையம் சுழலும். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மி.மீ. இடைவெளியில் சென்சார் நிற்கும். காந்தமுனை மாறும்போதெல்லாம் சென்சார் வழியே ஓடும் மின்னோட்டம் 7 மில்லியாம்பியரிலிருந்து 14-க்குத் தாவும், மறுபடி 7-க்கு இறங்கும். ஒரு சுற்றுக்கு 48 துடிப்பு, சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், வண்டி 4 செ.மீ. நகர்வதற்கு ஒரு துடிப்பு. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 250 துடிப்புகள். இதில் சில துடிப்புகள் விட்டுப்போனால், ஏபிஎஸ் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அந்தச் சக்கரம் திடீரென்று நின்றுபோன மாதிரித் தெரியும். மற்ற மூன்றும் ஓடுகின்றன, இது மட்டும் நின்று, அடுத்த கணமே ஓடுகிறது. இயற்பியலில் இப்படி நடக்க வழியில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எனவே அந்தச் சென்சாரை நம்புவதை நிறுத்தி, ஏபிஎஸ்ஸை ஒதுக்கிவைத்து, மஞ்சள் விளக்கைப் போடும். சாதாரணப் பிரேக் அப்போதும் இருக்கும். வழுக்கலில் உதவி மட்டும் கிடைக்காது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால்தான் நிலைமை மோசம். முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

அந்தச் சென்சாரின் ஒயர் முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்போது ஒயரும் முறுக்கி நிமிர்கிறது. கூடவே குண்டு குழியில் மேலும் கீழும் ஆடுகிறது. பல ஆண்டு இப்படி ஆடினால் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். கடைசியில் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நேர்பாதையில் தொடும், முழுக்க ஒடித்தால் விலகும். 'இடப்பக்கம் திரும்பினால் மட்டும் எரிகிறது' என்று ஒரு வண்டிக்காரர் சொன்னால் அது பிரமையல்ல. அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்கேனர் திரையில் நான்கு சக்கர வேகத்தையும் வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி ஒயரை அசைத்துப் பார்ப்பார். ஒரு எண் மட்டும் பூஜ்யத்துக்கு விழும் இடம்தான் அவர் தேடுவது.

ஒயர் நன்றாக இருந்தால், அடுத்து அதன் முனையை இணைக்கும் கப்ளர். இரண்டு பின்கள் சந்திக்கும் இடத்தில் அதிர்வால் உண்டாகும் அசைவு மி.மீட்டரில் நூறில் சில பங்குதான். ஆனால் தகரப் பூச்சுள்ள பின்களில் அந்த அசைவே பூச்சைச் சுரண்டி, சுரண்டிய துகள் காற்றுப் பட்டு ஆக்சைடாகி, ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலமாகிவிடும். கழற்றி மாட்டினால் படலம் கிழிந்து தொடர்பு சரியாகும். 'கப்ளரைக் கழட்டி மாட்டினேன், சரியாப் போச்சு' என்பதன் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான்; சில மாதத்தில் திரும்ப வருவதற்கான காரணமும் இதேதான்.

எலியை விட்டுவிட்டால் காரமடைப் பக்கம் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். தோப்பு வீட்டில் நிறுத்தும் காருக்கு இரவில் எஞ்சின் சூட்டுக்காக வரும் எலி, ஒயரை முழுக்கக் கடித்துத் துண்டித்தால் அது நல்ல எலி. உறையை மட்டும் கொறித்துவிட்டுப் போனால், மழை பெய்தால் மட்டும் எரியும் விளக்கு கிடைக்கும்.

பழைய காரில் மிதவைச் சுவிட்சிலிருந்து விளக்குக்கு நேராக ஒரு ஒயர் போகும். சுவிட்ச் மூடினால் அந்த நொடியே எரியும். புதுக் காரில் நடுவே கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை கேன் என்ற இரட்டை ஒயர்ப் பாதையில் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. இதையும் போஷ்தான் உருவாக்கி 1986-ல் அறிமுகம் செய்தது. அந்தச் செய்தியைப் படித்து நம் கண்ணுக்குக் காட்டுவது டேஷ்போர்டு. அதைச் செய்யும் தொழில் நமக்குத் தூரத்துச் சமாச்சாரமல்ல. மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடக்கும்போது கண்ணில் படும் பிரிக்கால், வாகனங்களுக்கு மீட்டர்களும் டேஷ்போர்டுகளும் செய்யும் நிறுவனம்தான்.

டேஷ்போர்டு மென்பொருளை எழுதுகிறவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விளக்கைப் போட்டால் ஓட்டுபவர் பயந்து போவார், இல்லையென்றால் பழகிப்போய்க் கண்டுகொள்ளமாட்டார், இரண்டுமே கெடுதல். அதனால் குறி சில நொடி நீடித்தால்தான் காட்டு என்று விதி வைப்பார்கள். இதன் விளைவு, வளைவில் தொடங்கிய குறை வளைவு கடந்தபின் திரைக்கு வரலாம். சரியான பின்னும் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்வரை நிற்கலாம். விளக்கு எரிந்த இடத்தை நினைவில் வைக்கும்போது அதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஏபிஎஸ் கம்ப்யூட்டரோடு பேச்சே அறுந்துபோனால் ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு, ஏற்ற உதவி என்று எல்லா விளக்கும் ஒரே நேரத்தில், கோயில் திருவிழா சீரியல் லைட் போல எரியும்; சில வண்டியில் ஸ்பீடாமீட்டர்கூட விழுந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் சிறியது: துருப்பிடித்த எர்த், தளர்ந்த பேட்டரி முனை, வயதான பேட்டரி. ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளும். காலையில் மட்டும் வந்து போகும் செய்திக்குப் பேட்டரிக் கடையில் விடை கிடைக்கும்.

கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருக்கும் குறிப்பும் ஒன்று உண்டு. விளக்கு அணைந்த பின்னும் கோளாறு எண் நினைவகத்தில் கிடக்கும். பல வண்டிகளில் அப்போது என்ன வேகம், எத்தனை வோல்ட் என்பதும் சேர்ந்திருக்கும். சி0035 என்றால் இடது முன்சக்கரச் சென்சார். யு0121 என்றால் ஏபிஎஸ்ஸோடு பேச்சு இல்லை. ஸ்கேனர் போட்டதும் எண்ணை எழுதிக்கொள்ளாமல் 'கிளியர்' அழுத்துவது சாட்சியை விரட்டிவிட்டு விசாரணை தொடங்குவதற்குச் சமம். அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவையும் கவனிக்கும் கருவிகள், மலை இறக்கத்தின் முதல் எதிரியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது வெப்பம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். ஆள், பெட்டி படுக்கையோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அத்தனை உயரம் இறங்கினால் 2 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அறை வெப்பத்திலிருக்கும் 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். டயரும் காற்றும் இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினிடம் கொடுக்கிறோமா, பிரேக்கிடம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது எஞ்சினிடம் கொடுக்கச் சொல்வதுதான். ஆட்டோமேட்டிக் காரில் டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை டிஸ்க்கிடம் கொடுக்கிறார். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவரைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. புது வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட்ட டீசல் செலவாகிறது.

டிஸ்க் சில நூறு டிகிரிக்குப் போனால் சூடு பிஸ்டன் வழியே ஆயிலுக்கு வரும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். டாட் 4-க்கு 230. ஆனால் இந்த ஆயில் ரப்பர் ஓஸ் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் 3.7 சதவீதம் ஏறிய நிலையில் தர நிர்ணயம் கேட்பது முறையே 140, 155 மட்டும்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் குமிழிதான் சுருங்கும், பேடு நகராது. கால் தரைவரை போகும். அப்போது தொட்டியில் மட்டம் குறைந்திருக்காது. சக்கரச் சென்சார்கள் நன்றாக இருக்கும். பெரும்பாலான கார்களில் ஒரு விளக்கும் எரியாது. காலுக்குக் கீழே பெடல் பஞ்சு மாதிரி மென்மையாவதும், கருகிய வாடையும்தான் அறிகுறி. உடனே கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணும்.

இதே மலையில் 1899 முதல் ஓடும் நீலகிரி ரயிலை வடிவமைத்தவர்கள் பிரேக் கட்டையை மட்டும் நம்பவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்குச் சரியும் பாதை அது. எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன், விசில் குறிப்புக் கேட்டுக் கையால் பிரேக் போடுவார். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் ரிகன்பாக் எதிரழுத்த பிரேக்கும் உண்டு: இறங்கும்போது நீராவியை நிறுத்திவிட்டு, சிலிண்டர்களையே காற்றழுத்தும் பம்பாக மாற்றி, உண்டாகும் சூட்டை நீர் தெளித்து வெளியேற்றுவார்கள். இரண்டாவது கியரில் இறங்கும் காரும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது.

மின்சாரக் கார் அந்த ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்காமல் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்தும், ரீஜென் என்கிறார்கள். உதகையில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால் மட்டும், சில கி.மீ. வரை 'ரீஜென் குறைக்கப்பட்டுள்ளது' என்ற மாதிரி ஒரு செய்தி வந்து நிற்கும், பிறகு தானாகப் போய்விடும். பட்டறைக்குப் போக வேண்டாம், இது கோளாறே இல்லை. நிறைந்த பேட்டரியில் போட இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் வழக்கமாகக் காலை எடுத்தால் கிடைக்கும் பிடிப்பு அந்தக் கி.மீட்டர்களில் இருக்காது, சில மாடல்கள் சாதாரணப் பிரேக்கை வைத்து அதை ஈடுகட்டும், சில ஈடுகட்டாது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கத்தில் 1,700 கிலோ கார் மீட்டெடுக்கக்கூடியது 4 யூனிட் சொச்சம். 40 யூனிட் பேட்டரிக்கு அது பத்தில் ஒரு பங்கு. ஆகவே மேலே 85-லோ 88-லோ சார்ஜரைக் கழற்றிவிட்டு இறங்கினால் போதும். கோத்தகிரி வழியே குஞ்சப்பனை தாண்டிக் கீழே வரும்போது மிச்சம் தானாக ஏறியிருக்கும்.